ஒரு விரல் மேலே

“மாமா, இதுல ஒரு தப்பு இருக்கு. ஸ்ட்ரைக்கரோட நடுப்புள்ளி கட்டையில எப்பவுமே படாது. ஓரந்தான் படும்.”

தங்கை மகள் இதைச் சொன்னபோது, அவள் நோட்டில் நான் படம் வரைந்து, கணக்கைப் போட்டு, விடைக்குக் கீழே இரட்டைக் கோடும் இழுத்து முடித்திருந்தேன். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணங்கள். போட்ட கணக்கு சரி. அவள் சொன்னதும் சரி. அந்த இரண்டு சரிகளுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேரம் போர்டும் அளவுகோலும் கிடந்தன. அதை முழுசாக எழுதி வைக்க ஆசை.

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளித்து, சாப்பிட்டு, நேரே தெருமுனை மன்றத்துக்குப் போய்விடுவார். அங்கே போர்டுக்கு மேலே தாழ்வாக ஒரு பல்பு தொங்கும். வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, கடல் காற்றின் ஈரம் பலகையில் ஏறாமல் இருக்கவும் அதுதான் என்பார். காசிமேட்டுப் பக்கத்துக் காற்றில் போரிக் பவுடர் அரை மணி நேரத்தில் கட்டி தட்டிவிடும். இப்போது முழங்கால் வலியால் மன்றத்துக்கு அதிகம் போவதில்லை. போர்டு வீட்டுக்கே வந்துவிட்டது. பேத்தியும் தாத்தாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தால் மத்தியானச் சோறு ஆறிப் போகும்.

அந்தப் பெண்ணுக்கு வாக்கியக் கணக்கு என்றால் பயம். வெறும் எண்களைக் கொடுத்தால் போட்டுவிடுவாள். பிதாகரஸ் தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ‘ஒரு மைதானத்தில்’ என்று ஒரு கேள்வி தொடங்கினால் பேனா நின்றுவிடும். ஒரு தேர்வில் அப்படி ஒரு கேள்விக்கு வரிசை எண்ணை மட்டும் எழுதிவிட்டு, கீழே எட்டு வரி வெற்றிடம் விட்டிருந்தாள். விடைத்தாளில் சிவப்பு மையில், ‘கவனமாகப் படிக்கவும்’ என்று இருந்தது. அவள் கவனமாகத்தான் படித்திருந்தாள். ஏழு தடவை படித்தேன் என்றாள்.

பிள்ளைகளுக்கு நாம் செய்யும் ஒரு பெரிய அநியாயம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாக்கியக் கணக்கைக் கொடுத்ததும், “என்னென்ன எண் இருக்கு, எடுத்து எழுது” என்கிறோம். பிள்ளையும் மீன்கூடையிலிருந்து பொறுக்குவதுபோல எண்களைப் பொறுக்கி எடுத்து, நினைவுக்கு வரும் வாய்ப்பாட்டில் போடுகிறது. படம் மனசில் விழவே இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எது நகர்கிறது, எது நகரவில்லை என்று தெரியாமல் 24-ஐ வைத்து என்ன செய்வது?

அதனால் என் வழி வேறு. கேள்வியில் உள்ள எண்களை எல்லாம் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பேன். “ஒரு ஸ்ட்ரைக்கர் இடது ஓரத்திலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறது. ஒரு காய் அதே ஓரத்திலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் ஓரத்தில் பட்டுத் திரும்பிக் காயைத் தொட வேண்டும்.” படித்துவிட்டு, கண்ணை மூடிக் காட்டச் சொல்வேன். கையை நீட்டி அவள் காட்டிய திசை சரியாக இருந்தது. எண் இல்லாமலேயே கணக்கு பாதி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டைவிரலை எடுப்பேன்.

நான் எழுதிக் கொடுத்த கணக்கு இதுதான். கேரம் போர்டின் ஆடும் பரப்பு 74 செ.மீ. பக்கமுள்ள சதுரம். ஸ்ட்ரைக்கர் இடது ஓரக் கட்டையிலிருந்து 24 செ.மீ. தள்ளி நிற்கிறது. காய் அதே கட்டையிலிருந்து 12 செ.மீ. தள்ளி, ஸ்ட்ரைக்கர் இருக்கும் மட்டத்துக்கு 48 செ.மீ. மேலே இருக்கிறது. இடது கட்டையில் எந்த இடத்தில் பட்டால் ஸ்ட்ரைக்கர் திரும்பி வந்து காயைத் தொடும்? மொத்தம் எவ்வளவு தூரம் ஓடும்?

நேராகப் பார்த்தால் பாதை வளைந்து கிடக்கிறது. வளைந்த பாதை பிள்ளைகளை மிரட்டும். அதை நிமிர்த்த ஒரு வழி உண்டு. கட்டையை ஒரு நிலைக்கண்ணாடி என்று வைத்துக்கொள். காய்க்கு அந்தப் பக்கம் ஒரு பிம்பம் இருக்கும். கட்டைக்கு இந்தப் பக்கம் 12 என்றால் அந்தப் பக்கமும் 12. இப்போது காயை மற. ஸ்ட்ரைக்கரிலிருந்து பிம்பத்துக்கு நேர்கோடு போடு. அந்தக் கோடு கட்டையை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் பட வேண்டும்.

குறுக்கே 24-உம் 12-உம் சேர்ந்து 36. மேலே 48. 36, 48 என்றதுமே அவள், “மூணு நாலு அஞ்சு” என்றாள். ஆமாம், கர்ணம் 60. ஸ்ட்ரைக்கர் ஓடும் மொத்தத் தூரம் 60 செ.மீ. படும் இடம்? 24-க்கு 12 என்றால் இரண்டுக்கு ஒன்று. 48-ஐ அப்படிப் பிரித்தால் 32, 16. ஸ்ட்ரைக்கர் மட்டத்திலிருந்து 32 செ.மீ. மேலே பட வேண்டும். போகும்போது 40, திரும்பும்போது 20.

இந்தக் கண்ணாடி யோசனை புதிது இல்லை. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், ஒளி கண்ணாடியில் படும் கோணமும் திரும்பும் கோணமும் ஏன் சமம் என்பதற்கு இதையே காரணமாகச் சொன்னார். கண்ணாடியைத் தொட்டுவிட்டு இன்னோர் இடத்துக்குப் போகும் பாதைகள் எல்லாவற்றிலும் அந்தப் பாதையே குட்டையானது என்று காட்டினார். தெருவில் பிள்ளைகள் சுவரைத் தொட்டுவிட்டு எல்லைக் கம்பத்துக்கு ஓடும் பந்தயத்திலும் கணக்கு இதுவே. சுவரில் எந்த இடத்தைத் தொட்டால் ஓட்டம் குறையும்? கம்பத்தின் பிம்பத்தைச் சுவருக்குப் பின்னால் வைத்து, அதை நோக்கி ஓட வேண்டும். டியூஷனுக்கு வரும் பையன் ஒருவன் மறுநாளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், “அண்ணா, ரெண்டு அடி மிச்சம்!”

இவ்வளவும் முடிந்து நான் இரட்டைக் கோடு போட்டபோதுதான் அவள் ஓரம் என்றாள்.

ஸ்ட்ரைக்கர் புள்ளி இல்லை, வட்டம். விதிப்படி அதன் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஆரம் சுமார் 2 செ.மீ. நடுப்புள்ளி கட்டைக்கு 2 செ.மீ. வந்ததுமே ஓரம் மோதித் திரும்பிவிடும். அப்படியானால் கண்ணாடி இருக்கும் இடம் கட்டையே இல்லை. கட்டைக்கு 2 செ.மீ. உள்ளே ஓடும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. போர்டின் நான்கு பக்கமும் அப்படி உள்ளே தள்ளினால், ஸ்ட்ரைக்கரின் நடுப்புள்ளிக்கு 74 செ.மீ. சதுரம் கிடையாது, 70 செ.மீ. சதுரம்தான்.

எவ்வளவு பிசகும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். 32 என்று குறித்த இடத்தைப் பார்த்து அவள் அடிக்கிறாள் என்று வையுங்கள். நடுப்புள்ளி குறுக்கே 22 செ.மீ. போனதும் ஓரம் மோதிவிடும். அப்போது மேலே போயிருப்பது 29.3 செ.மீ.தான். அங்கிருந்து திரும்பி, கட்டையிலிருந்து 12 செ.மீ. தள்ளி வரும்போது உயரம் 42.7. காய் இருப்பதோ 48-ல். 5.3 செ.மீ. முன்னாலேயே குறுக்கே போகிறது. காயின் நடுவிலிருந்து அந்தப் பாதைக்கு நேர்த்தூரம் 3.2 செ.மீ. ஸ்ட்ரைக்கரின் ஆரமும் காயின் ஆரமும் சேர்த்து சுமார் 3.6.

“பட்டும் படாம போவும்,” என்றாள்.

ஆமாம். முழு மதிப்பெண் வாங்கும் விடை, போர்டில் காயை லேசாக உரசிவிட்டுப் போய்விடும்.

உள்கோட்டை வைத்துத் திரும்பப் போட்டோம். 24-க்குப் பதில் 22. 12-க்குப் பதில் 10. விகிதம் 11-க்கு 5. 48-ஐ 16 பங்காக்கினால் பங்குக்கு 3. பதினொரு பங்கு 33. கட்டையில் உரச வேண்டிய இடம் 33. அங்கே உரச வேண்டுமானால் கண் வைக்க வேண்டிய குறி இன்னும் மேலே. 22-க்கு 33 என்றால் 24-க்கு 36. ஆக, பார்ப்பது 36-ஐ, படுவது 33-ல். இந்த இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வருஷக்கணக்காக இந்த வகைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். போர்டில் பென்சிலால் நாங்கள் வைத்த முதல் குறியை, 32-ஐ, பார்த்தார். “இது இன்னா கோடு?” என்றார். சொன்னேன். ஆள்காட்டி விரலை அந்தக் கோட்டுக்கு மேலே படுக்கையாக வைத்தார். “ஒரு வெரலு மேல பாரு, கண்ணு. அவ்ளோதான்.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஒரு விரல் என்றால் ஏறக்குறைய 2 செ.மீ. அவர் சொன்ன குறி 34. எங்கள் கணக்கோ 36. அவர் உத்தேசமாகச் சொல்கிறார் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. நாற்பது வருஷம் பலகையில் தேய்ந்த விரல் அது.

இங்கே கொஞ்சம் நின்று இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடசென்னையைக் கணக்கு தெரியாத ஊர் என்று பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர் அப்படிப் பேச மாட்டார். வியாசர்பாடியிலிருந்து புறப்பட்ட இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில், பதினேழு வயதில், அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்களுக்கு முன்பே சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-ல் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். காசிமா வென்ற வாரம் எங்கள் தெருவில் போர்டு இல்லாத வீட்டுப் பெண் பிள்ளைகள்கூட தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டுச் சுண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் படுகோணமும் திரும்பும் கோணமும் விரல் நுனியில் இருக்கிறது. கேள்வித்தாளில் அது வாக்கியமாக வரும்போதுதான் அடையாளம் தெரிவதில்லை. அந்த அறிமுகத்தைச் செய்து வைப்பதே ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறேன்.

இரண்டு கட்டையில் பட்டுத் திரும்பும் ‘டபுள்’ அடிக்கும் இதே முறைதான். பிம்பத்துக்குப் பிம்பம் எடுக்க வேண்டும். மொட்டைமாடித் தரையில் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று சாக்பீஸால் சதுரங்களை வரைந்தோம், ஓடு பதித்த தரை மாதிரி. எத்தனை தடவை திரும்பினாலும் அந்தத் தரையில் பாதை ஒரே நேர்கோடு. அதில் தற்செயலாக ஒன்று கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு கட்டையில் பட்டுத் திரும்பும் ஸ்ட்ரைக்கர், எந்தக் கோணத்தில் அடித்தாலும், வந்த திசைக்கு இணையாகவே திரும்பிப் போகிறது. முதல் கட்டை அதன் இடவலத்தை மாற்றுகிறது, இரண்டாவது முன்பின்னை மாற்றுகிறது. இரண்டும் மாறினால் நேர் எதிர்த்திசை. சைக்கிளுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரில் உள்ள சின்னச் சின்ன மூலைகளும் இதைத்தான் செய்கின்றன. லாரி விளக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெளிச்சத்தை அந்த லாரிக்கே திருப்பி அனுப்புகின்றன. 1969-ல் அப்போலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த பலகையில் அப்படி நூறு கண்ணாடி மூலைகள் இருந்தன. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து நிலவின் தூரத்தை அளந்தார்கள். அதுவும் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் காணும் கணக்குதான்.

ஆனால் 36-க்கும் 34-க்கும் நடுவே உள்ள அந்த 2 செ.மீ. என்னை விடவில்லை. அதற்கு வழி வேறொரு கணக்கிலிருந்து வந்தது.

அடுத்த வாரம் டியூஷனில் பெருக்குத் தொடர்வரிசை நடந்துகொண்டிருந்தது. பந்தைக் கீழே விட்டால் ஒவ்வொரு தடவையும் முந்தைய உயரத்தில் இத்தனை பங்கு எழும்பும், மொத்தம் எவ்வளவு தூரம் பயணித்தது என்று கேட்பார்களே, அந்தக் கணக்கு. கற்பனை எண்களைக் கொடுக்க எனக்குப் பிடிக்காது. டேபிள் டென்னிஸ் விதிப்படி, 30 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை மேசையில் விட்டால் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும். டென்னிஸ் பந்துக்கு 254 செ.மீ.யிலிருந்து விட்டால் 135-இலிருந்து 147 வரை. நாங்கள் டேபிள் டென்னிஸை எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கணக்கில் எல்லோரும் இடறும் இடம் ஒன்றே. முதல் 30 செ.மீ. இறங்குவது மட்டும்தான். அடுத்த ஒவ்வொன்றும் ஏற்றம் ஒரு தடவை, இறக்கம் ஒரு தடவை. முதலையும் இரட்டித்துவிடுவார்கள். இதற்கும் படம் வரைவதே மருந்து: முதலில் ஒரு ஒற்றைக் கோடு, பிறகு சோடி சோடியாகக் குறைந்துகொண்டே போகும் கோடுகள். விகிதம் 30-க்கு 23 என்று முடிவே இல்லாமல் கூட்டினால் 1590-ஐ 7-ஆல் வகுத்த தொகை, ஏறக்குறைய 227 செ.மீ. முடிவில்லாத துள்ளல், ஆனால் மொத்தத் தூரம் ஏழரை அடிக்குள்.

“முடிவே இல்லைனா அது எப்ப நிக்கும்ணா?” என்று ஒருவன் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. நேரத்தையும் கூட்டிக் காட்டினேன். முதல் இறக்கத்துக்குக் கால் விநாடி. ஒவ்வொரு துள்ளலின் நேரமும் முந்தையதில் சுமார் 0.88 பங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் 3.7 விநாடி. கணக்குப்படி எண்ணிக்கை முடியாத துள்ளல்களும் நான்கு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. பந்தை விட்டுப் பார்த்தோம்; கடைசியில் டரடரவென்று ஒலி நெருங்கி நெருங்கி அடங்கியது. அந்த ஒலி அடங்கும் இடத்தில்தான் முடிவிலி உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேன். பையன் பந்தை மறுபடி விட்டான். அன்றைக்கு வேறு கணக்கு போடவில்லை.

அந்த 0.88-தான் எனக்கு வழி காட்டியது. உயரம் 30-க்கு 23 என்று குறைகிறது என்றால், மோதும் வேகம் அதன் வர்க்கமூலப்படி குறைகிறது, வருவதில் 0.88 பங்கு வேகத்தோடுதான் பந்து மேசையை விட்டுக் கிளம்புகிறது. மேசையில் அப்படி என்றால் கேரம் போர்டின் ஓரக் கட்டையிலும் ஸ்ட்ரைக்கர் வேகத்தை இழக்கத்தானே வேண்டும்? கண்ணாடியில் படும் ஒளிக்கு அந்த இழப்பு கிடையாது. எங்கள் கணக்கு ஸ்ட்ரைக்கரை ஒளி என்று நினைத்துப் போட்ட கணக்கு.

ஸ்ட்ரைக்கரின் வேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம். கட்டையை நேருக்கு நேர் முட்டும் வேகம் ஒன்று. கட்டையை ஒட்டி மேலே ஓடும் வேகம் ஒன்று. மோதலில் பெரும்பாலும் அடிபடுவது முதலாவது. இரண்டாவது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். முட்டும் வேகம் குறைந்து, ஓடும் வேகம் குறையாமல் இருந்தால், ஸ்ட்ரைக்கர் கட்டையை விட்டு நிமிர்ந்து வராமல் கட்டையோடு சாய்ந்து ஓடும். அதாவது காயைத் தாண்டி மேலே போகும். பலகையின் உரசல் வேகத்தைக் குறைக்குமே தவிர, நேராக வழுக்கும் ஸ்ட்ரைக்கரின் திசையைத் திருப்பாது. அதனால் திசை மாற்றத்துக்குக் கட்டையே பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். புதிதாகப் பவுடர் தூவி, காயை எடுத்துவிட்டு, கட்டையின் மேல் அளவுகோலை ஒட்டினோம். செல்போனை மேலே இருந்து ஸ்லோ மோஷனில் வைத்தேன். அவள் 36-ஐப் பார்த்து அடித்தாள். ஒரே மாதிரி வேகம் வர நிறைய அடிக்க வேண்டியிருந்தது. 33-ல் சரியாக உரசியதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்படிப் பத்து அடி. உரசிய இடத்திலிருந்து 15 செ.மீ. மேலே போய் காயிருந்த கோட்டைக் கடந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 18 போய்க் கடந்தது. 15-க்கு 18. எங்கள் கட்டை, முட்டும் வேகத்தில் ஆறில் ஒரு பங்கை விழுங்குகிறது.

இதைக் கண்ணாடிப் படத்தில் எப்படிச் சேர்ப்பது? இந்த இடத்தில் அவள் யோசித்ததுதான் எனக்கு இந்த மூன்று வாரத்தில் பெரிய சந்தோஷம். நான் கோணம், டேன்ஜென்ட் என்று தொடங்கினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிம்பத்தைத் தள்ளி வெச்சா என்ன மாமா?” என்றாள். சரிதான். உள்கோட்டுக்கு அந்தப் பக்கம் 10 செ.மீ.யில் இருந்த பிம்பத்தை 12-க்குத் தள்ளினால் போதும். 10-ஐ ஆறில் ஐந்தால் வகுத்தால் 12. நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். கண்ணாடி மட்டும் கொஞ்சம் தூரம் கூட்டிக் காட்டும் கண்ணாடி.

அவளே போட்டாள். 22-க்கு 12. பதினொன்றுக்கு ஆறு. 48-ஐ 17 பங்காக்கி அதில் 11 பங்கு. 31.06. உரச வேண்டிய இடம் 31. கண் வைக்க வேண்டிய குறி, 24-ஐ 22-ஆல் வகுத்து 31-ஆல் பெருக்கினால்—

நோட்டில் 33.8 என்று எழுதினாள். பிறகு அளவுகோலை எடுத்து 32-லிருந்து 33.8 வரை அளந்தாள். தன் ஆள்காட்டி விரலை அங்கே படுக்க வைத்துப் பார்த்தாள். அவள் விரல் மெலிந்தது, கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. எழுந்து போய் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவர் விரலை வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

ஸ்ட்ரைக்கரின் உடம்பு அந்தக் குறியை 4 செ.மீ. மேலே தள்ளுகிறது, கட்டையின் இழப்பு 2 செ.மீ. கீழே இழுக்கிறது, மிச்சம் ஒரு விரல். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். “நாலு ஏறி ரெண்டு எறங்குதா?” என்று திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு அவர் எனக்கு ஒன்று சொன்னார்: அந்த ஒரு விரல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது, காய் கட்டையை விட்டுத் தள்ளி உள்ளே போகப் போக விரல் குறைந்துகொண்டே வரும் என்று. அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, காயைக் கட்டையிலிருந்து 18 செ.மீ.க்குத் தள்ளினால், கண்ணாடி விடை 27.4, திருத்திய குறி 28. அரைச் செ.மீ.தான் வித்தியாசம். விரல் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது. அவர் எந்தக் காகிதத்திலும் போடாத கணக்கு.

தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் என்ன எழுதுவது என்று அவள் அம்மா, என் தங்கை, கவலையோடு கேட்டாள். நியாயமான கேள்வி. தேர்வில் 32-தான். ‘ஸ்ட்ரைக்கரைப் புள்ளியாகக் கொள்க, படுகோணமும் திரும்பும் கோணமும் சமம்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறோம் என்று தெரிந்து விடுவதும் கணக்கில் சேர்ந்ததே. போன மாதத் தேர்வில் சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஒன்று வந்திருந்தது. படம் வரைந்து, பிம்பம் வைத்து, அந்த முதல் வரியையும் எழுதியிருக்கிறாள். கீழே வெற்றிடம் இல்லை.

நேற்று மாலை டியூஷன் முடிந்ததும் அளவுகோலையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன்.

“மன்றத்துக்கு. அந்த போர்டு கட்டை வேற மரம் மாமா. அது எவ்ளோ முழுங்குதுன்னு பாக்கணும்.”

தாத்தா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.